கலைந்து செல்லவும்

மாமா,

இன்று காலை நம்ம ரோட்டில் புளியமரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். பால் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் வாசனைதான் முதலில் வந்தது, மரம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. பச்சைப் புளியங்கட்டை அறுபடும்போது புளிப்பும் ஈரமும் கலந்து ஒன்று வருமே, எத்தனை துவைத்தாலும் உன் சட்டையை விட்டுப் போகாதே, அதேதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தும் ரம்பத்தோடு நீதான் எங்கேயோ நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். தலை நரைத்த அளவுக்கு எனக்குப் புத்தி நரைக்கவில்லை.

கூட நம்ம பிள்ளை சேகர் இருந்தான். மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அவன் நேராகப் போய் அதன் முன்னால் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். அப்படியே நின்றான். நாற்பதைத் தாண்டிய ஆள், தாடியில் நரை. வேலை செய்த பையன்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"இன்னா பெர்சு, இவரு போலீசு புடிச்சா மாதிரி கையத் தூக்கிக்கினு நிக்கிறாரு?" என்று என்னைக் கேட்டான் கிரேன் ஓட்டுகிறவன்.

அவன் ஏன் கையைத் தூக்கினான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தால் பால் திரிந்துவிடும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாமா மாமா என்று கூப்பிட்டேனே தவிர நமக்குள் சொந்தம் ஏது? ஜாதியே வேறு. நீ மரவாடியில் கட்டை அறுத்தாய், நான் எதிரில் வாடகை சைக்கிள் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டினேன். நீ மல்லிகாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டாய், அதோடு நான் உனக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். பொண்ணு பார்க்காமல், சீர் கேட்காமல் கிடைத்த மச்சினன் நீ.

அப்போது சேகருக்கு ஆறு வயது. பேசமாட்டான், ஆனால் திருப்பிச் சொல்லுவான். கேட்டதைக் கேட்ட குரலிலேயே சொல்லுவான். ஒரு நாள் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, "உளுந்தூர்பேட்ட, விழுப்புரம், ஏறு ஏறு ஏறு" என்று கண்டக்டர் குரலில் கத்தினான். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நீ சிரித்துச் சிரித்து மரத்தூளில் புரண்டாய். நானும் சிரித்தேன். ஆனால் ஊர் பேரெல்லாம் சொல்கிற பிள்ளைக்குப் பசி என்று சொல்லத் தெரியாது. அப்பா என்று கூப்பிட்டது இல்லை. யாராவது தொட்டால் அலறுவான். நாலு பேர் சூழ்ந்து நின்றால் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுவான். அவன் நெற்றியில் இருந்த தழும்புக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரும்பாலும் காரணம் நான்தான்.

பாண்டிச்சேரி டாக்டர்தான் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம். பத்தாவதை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அதனிடம் தோற்றவன் நான். மறந்துவிடுவேனே என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்ததில் வியர்வை பாதியை அழித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் கையை விரித்தால் 'இசம்' மட்டும் மிச்சம் இருந்தது.

நீ எட்டிப் பார்த்தாய். "இசம்னா கட்சிதான மாப்ள? புள்ள எந்தக் கட்சியாம்?"

மல்லிகா கரண்டியை ஓங்கினாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இவனுக்குன்னு இருக்கற பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். தள்ளிப்போடாதீங்க." அவருக்குத் தெரிந்து இரண்டு இடம். ஒன்று சென்னையில், விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளி. இன்னொன்று கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில், ஒரு டீச்சரம்மா ஓட்டுவீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்துவது. நான் சென்னையை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தரையில் முகம் தெரிந்தது. பார்க்கிற மாதிரி முகம் இல்லை என்பது வேறு விஷயம். மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மணலில் உட்கார்ந்து படித்தவனுக்கு அது போதாதா? மலையடிவாரத்தில் என்ன பெரிய பள்ளிக்கூடம் இருந்துவிடப் போகிறது என்று அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கட்டில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று சென்னையில் சொல்லி அனுப்பினார்கள்.

வரும் வழியிலேயே டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டேன். பெயிண்டால் அவன் பெயரையும் எழுதினேன். எழுதி முடித்ததும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பசி என்று சொல்லாத பிள்ளைக்கு அங்கே யார் சோறு போடுவார்கள்? மஞ்சள் தட்டில் வைத்தால்தான் தின்பான் என்று யாருக்குத் தெரியும்? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்லுவான்? சரி, அனுப்பவில்லை என்று வை. நாள் போகப் போக இந்த வாய் திறக்காமலே போய்விட்டால்? அனுப்பினாலும் பயம், அனுப்பாவிட்டாலும் பயம். பஞ்சர் ஒட்டும்போது ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நீ இட்டுக்கினு போ. நான் வரமாட்டேன். எங் கையால கொண்டாந்து வுட்டுட்டுப் போனேன்னு அவன் நெனப்புல இருக்கக் கூடாது."

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு உங்கள் ஆட்கள் மறியலில் இறங்கினார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ரோடு நெடுக மரம் சாய்ந்து கிடந்தது. நம்ம ஊர்ப் பக்கம் சாய்த்ததெல்லாம் உன் ரம்பம். ஒரு மரத்தை நீ போஸ்ட் ஆபீஸ் கம்பி மேலேயே சாய்த்து, ஊருக்கே தந்தியும் போனும் இல்லாமல் பண்ணினாய். நான் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாய்.

"வெள்ளிக்கெழம சென்னை போவணும் மாமா. போவலன்னா சீட்டு போயிரும்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தாய். "எம் புள்ளைக்கு ஒரு சீட்டு வேணும்னுதான் நான் மரத்த வெட்டினேன். உம் புள்ளைக்கு ஒரு சீட்டு வேணும்னு நீ அதத் தாண்டணும். நல்லா கீதுயா நம்ம கத." அப்புறம் பெட்டியைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் கட்டினாய். "உளுந்தூர்பேட்டையில ரயிலு ஓடுதாம். அதுவரைக்கும் நான் வரேன். என்னத் தாண்டி எவன் கேக்கறான் பாக்கலாம்."

விடியும்போது கிளம்பினோம். என் சைக்கிளில் சேகர், உன் சைக்கிளில் பெட்டி. ஊர் எல்லையிலேயே முதல் மரம். நீ சேகரைத் தூக்கினாய். தொட்டதும் அலறி, உன் தோளைக் கடித்து வைத்தான். நீ விடவில்லை. "ஏறு ராசா... எறங்கு ராசா" என்று சொல்லிக்கொண்டே மரத்தின் மேல் நிறுத்தி, தாண்டி, அந்தப் பக்கம் இறக்கினாய். பிறகு பெட்டி. பிறகு சைக்கிள்கள். கடைசியாக என்னையும் இழுத்தாய். அடுத்த மரத்திலும் கத்தினான். அதற்கு அடுத்ததில் கத்தல் கம்மி. எலவனாசூர்கோட்டை வருவதற்குள் மரத்தைப் பார்த்ததும் தானாகவே சைக்கிளை விட்டு இறங்கி, அதன் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். என் கை பட்டால் நெளிகிற பிள்ளை, உன் கைக்குக் காத்து நின்றது. எனக்குச் சந்தோஷமா பொறாமையா என்று தெரியவில்லை. கண்ணில் தூசி என்று சொன்னேன். மறியலால் வண்டியே ஓடாத ரோட்டில் ஏது தூசி என்று கேட்டாய்.

எலவனாசூர்கோட்டையில் பெரிய கூட்டம். போலீஸ் ஜீப் நின்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தது: "இது சட்டவிரோதமான கூட்டம். அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லவும். கலைந்து செல்லவும்." யாரும் கலையவில்லை. ஜீப்தான் கலைந்து போனது. அது போனதும் மொத்தப் பேரும் நம் பக்கம் திரும்பினார்கள். பெட்டியில் என்ன, யார் நீ, எந்த ஊர், என்ன ஆளு என்று நாலு பக்கமும் நெருக்கினார்கள். ஜாதியைக் கேட்டதும் நான் உன்னைப் பார்த்தேன். அப்போதுதான் சேகர் காதைப் பொத்திக்கொண்டு, அந்த இன்ஸ்பெக்டரின் கரகரத்த குரலில், மைக்கின் இரைச்சலோடு சேர்த்துச் சொன்னான்: "அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லவும்!"

அப்படியே அடங்கிப் போனார்கள்.

"டேய், போலீசு ஊட்டுப் புள்ளடா!" என்று ஒருவன் கட்டையைத் தூக்கினான்.

நீ நடுவில் போய் நின்று வேட்டியை மடித்துக் கட்டினாய். "போலீசும் இல்ல, கீலீசும் இல்ல. தியாகதுருகத்துல மரம் சாச்சவன் நான். இது எந் தங்கச்சி புள்ள. அதுக்குக் கூட்டம்னா ஆவாது. எவன்டா கட்டயத் தூக்கறவன்? ஆறு வயசுப் புள்ள மேலயா தூக்கற?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "எஸ்பி சொல்லிட்டாருடா, வழி உடுங்கடா" என்று ஒருவன் கும்பிட்டான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து பின்னால் நகர்ந்தது. நகர்ந்ததும் சேகர் காதிலிருந்து கையை எடுத்தான். வாயை மூடிக்கொண்டான். முட்டுவதற்குச் சுவர் தேடவில்லை.

நான் அதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். கொஞ்ச தூரம் போனபின் சைக்கிளை மிதித்துக்கொண்டே கேட்டாய். "மாப்ள, அவன் சும்மா சொல்லலியோ? வெலகிப் போங்கடான்னு சொல்லத்தான் சொன்னானோ?"

"திருப்பித்தான சொல்றான் மாமா."

"நம்ம மட்டும் இன்னா, ஊட்டுல புதுசாவா பேசறோம்? எவனோ சொன்னதத்தான் வேணுங்கற எடத்துல சொல்றோம்."

சைக்கிள்களை ஸ்டேஷனில் போட்டுவிட்டு ரயிலில் நீயும் ஏறிவிட்டாய். உளுந்தூர்பேட்டையோடு திரும்புகிறேன் என்றவன், பெட்டியை நான் தனியாகத் தூக்கமாட்டேன் என்று சாக்குச் சொன்னாய்.

சென்னைப் பள்ளியில் வரவேற்பு அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நல்லவர்கள்தான், மாமா, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருத்தர் கன்னத்தைக் கிள்ளினார், ஒருத்தர் பெயர் கேட்டார், ஒருத்தர் பொம்மையை ஆட்டினார். சேகர் காதைப் பொத்தினான். "அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லவும்."

அறை முழுக்கச் சிரிப்பு. "எவ்ளோ க்யூட்டா சொல்றான்! இன்னொரு தடவை சொல்லு கண்ணா" என்று வெளியில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். கூட்டம் இரண்டு பங்கானது. அவன் மறுபடி சொன்னான். மறுபடி சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவன் சொல்லவில்லை. பளபளக்கிற தரையில் போய் நெற்றியை மோதினான்.

பெரிய மேடம் ஓடிவந்து தலைக்கடியில் கையை வைத்தார். "கவலைப்படாதீங்க. இந்தத் திருப்பிச் சொல்ற பழக்கத்தை முதல்ல நிறுத்திடலாம். நிறைய குழந்தைங்களுக்கு நிறுத்தியிருக்கோம்."

'நிறுத்திடலாம்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். இவனிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டால்? "கொஞ்சம் எல்லாரும் வெளிய போனீங்கன்னா போதுங்கம்மா" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இங்க நாற்பது குழந்தைங்க. கூட்டத்துக்கு இவன்தான் பழகணும்." அவர் சொன்னதும் நியாயம்தானே? ஊரைக் குறைக்க முடியுமா? நான் உன்னைப் பார்த்தேன். நீ வேண்டுமென்றே சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிறவன் அன்றைக்கு ஊமையாகிவிட்டாய். நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது. "இல்லீங்கம்மா. நாங்க போய்ட்டு வரோம்." நீ பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாய்.

ஊர் திரும்பும்வரை நான் செய்தது சரியா என்று உன்னை அரித்தெடுத்தேன். "எனக்கின்னா தெரியும்? நான் மரம் அறுக்கறவன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். வாசலில் பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்த மல்லிகா மஞ்சள் தட்டை எடுத்துச் சோறு போட்டாள்.

மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் மலையடிவாரத்துக்குப் போனோம். நான், மல்லிகா, நீ, கேட்காமலே கூட வந்த உன் சம்சாரம், நடுவில் சேகர். ஓட்டுவீடு, பலாமரம், பின்னால் மலை. தரையில் முகம் தெரியவில்லை, சாணி மெழுகியிருந்தது. இதற்கா சென்னையை விட்டோம் என்று எனக்கு உள்ளே இடிந்தது. கண்ணாடி போட்ட டீச்சரம்மா வந்தார். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்தார்கள். சேகர் காதைப் பொத்தினான். அதே குரல், அதே வாசகம்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "சரிப்பா" என்றார். பிள்ளைகளைப் பலாமரத்தடிக்கு அனுப்பினார். தானும் வாசல்படி வரை போய்த் திரும்பி எங்களைப் பார்த்தார். "நீங்களுந்தாங்க."

"நானா? நான் அவங்கப்பாங்க."

"தெரியுதுங்க. அனைவரும்னுதான சொன்னான்?"

மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அசையவில்லை. நீதான் என் தோளைத் தட்டினாய். "வா மாப்ள. நீயும் கூட்டந்தான்."

வெளியே வந்து நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. மோதுகிற சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றேன், வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவனே வாசலுக்கு வந்தான். டீச்சரம்மாவின் செருப்பைக் கையில் எடுத்து, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தான். உள்ளே வரச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார் அவர். போகச் சொல்கிறானோ என்று நீ கேட்டாய். யார் சரி என்று இன்றுவரை தெரியாது. அந்த வாரமே அவனை அங்கே சேர்த்தோம்.

சென்னையில் விட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கற்றிருப்பானோ, கடை கண்ணிக்குத் தனியாகப் போயிருப்பானோ என்று இப்போதும் தோன்றும். அதை உன்னிடம்தான் கேட்பேன். நீ பீடியை இழுத்துக்கொண்டு, "இருக்கும், இல்லாமலும் இருக்கும்" என்பாய். இந்த வருஷம் அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அந்தப் பள்ளியில் அவன் பசி சொல்லக் கற்றான். செயினில் கிரீஸ் தடவவும், போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரிக்கவும் கற்றான். அந்த நீள வாசகம் தேய்ந்து தேய்ந்து 'செல்லவும்' ஆனது. தனியாக இருக்க வேண்டுமென்றால் என்னைப் பார்க்காமல் மெல்லச் சொல்லுவான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த என் சித்தி அதைக் கேட்டுவிட்டு, "அப்பன செல்லம்னு கூப்புடுது பாரேன்!" என்று உருகிப் போனாள். துரத்துகிறான் சித்தி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ பக்கத்தில் இருந்துகொண்டு, "கொடுத்து வச்சவன்யா நீ" என்றாய். இப்போது மல்லிகாவுக்குக் கோபம் வந்தாலும் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான். "செல்லவும்."

உன் சாவுக்கு அவனைக் கூட்டிவரப் பயந்தேன். மேளம், வெடி, தெருவடைத்த கூட்டம். மல்லிகாதான், "அவனுக்கும் மாமன்தான?" என்றாள். காதைப் பொத்திக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்து, உன்னைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி வரைக்கும் போனான். கண்ணாடி மேல் கையை வைத்தான். எத்தனையோ வருஷம் கழித்து முழு வாசகமும் வந்தது, அந்த இன்ஸ்பெக்டர் குரலிலேயே. "அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லவும்." உன் பங்காளிகள் முறைத்தார்கள். உன் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். "இன்னா பாத்துக்கினு கீறீங்க? அவன் சொல்றான்ல? எழுந்து வெளிய போங்க எல்லாரும்." அத்தனை பேரும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். உள்ளே நீயும் அவனும் மட்டும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. எனக்கும் மல்லிகாவுக்கும் பின்னால், இவன் சொன்னால் எழுந்து வெளியே போகிறவர்கள் யார்?

அதே நினைப்போடுதான் இன்று காலை அந்த மரத்துக்கு முன்னால் நின்றேன், மாமா. அவன் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். நீ வருவாய் என்று. தூக்க எனக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? முட்டி தேய்ந்துபோய், என்னையே நான் தூக்க முடியாமல் கிடக்கிறேன். பையன்கள் நெருங்கி நெருங்கி வந்தார்கள். அவன் கை காதுக்கு இறங்கத் தொடங்கியது. நான் முந்திக்கொண்டேன். "தம்பிங்களா, கொஞ்சம் கலைஞ்சி போங்கப்பா. அவனுக்குக் கூட்டம் ஆவாது." கிரேன் ஓட்டுகிறவன் ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

சரி, நானே முதலில் தாண்டிக் காட்டுவோம் என்று மரத்தில் ஒரு காலைப் போட்டேன். போட்ட கால் போட்டபடி நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. கையில் பால் தூக்கு வேறு. பத்தாவதில் நின்ற மாதிரியே நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து என் அக்குளில் இரண்டு கை நுழைந்தது. தரையிலிருந்து கால் எழும்பியது. மரத்தின் மேல் என்னை ஒரு நொடி நிறுத்தி, தாண்டி, அந்தப் பக்கம் மெதுவாக இறக்கினான். இறக்கும்போது என் காதருகில் சொன்னான்.

"ஏறு ராசா... எறங்கு ராசா."

உன் குரல், மாமா. பீடி கரகரப்போடு, அந்த 'ராசா'வில் நீ இழுக்கிற இழுப்போடு, அப்படியே உன் குரல்.

பால் பாதி சிந்திவிட்டது. மல்லிகா கேட்டாள். மரம் விழுந்து கிடந்தது, மாமா தூக்கிவிட்டார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இருந்த பாலை அடுப்பில் வைத்தாள்.